யாழுக்கு ஏற்ற மரம்

ஓர் ஊர் இசைக்கருவி ஒன்றன் பெயரால் வழங்குவது உலகில் அரிது. யாழ்ப்பாணம் அத்தகைய பெயரினை உடையது. கண்பார்வை இழந்த பாணன் ஒருவன் அரசனுடைய அவையில் யாழ் வாசித்து, மணற்றி என்னும் மணற்பாங்கான நிலத்தைப் பரிசிலாகப் பெற்றான் என்றும், தன் சுற்றத்தாரை வருவித்து அந்நிலத்திற் குடியேற்றினான் என்றும் வழிவழி வந்த கதை கூறும். ஒல்லாந்தர் ஆட்சி நடந்த 18ஆம் நூற்றாண்டில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை இக்கதையை எழுத்தில் நிறுத்தி வைத்தது. வரலாற்றாசிரியர் இதனை அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. ஊர்ப்பெயருக்கு வேறு காரணம் கூறுவாரும் உளர். ஆயினும், ஓர் இசைக்கலைஞனின் கையிலிருந்த கருவியையே தம் மண்ணின் பெயராக மக்கள் எண்ணி மகிழ்ந்தனர் என்பது மறுக்கவியலாதது.

அப்பாணன் கையிலிருந்த யாழ் எந்த மரத்தாற் செய்யப்பட்டது? கதை இதனைச் சொல்லவில்லை. ஆனால் தமிழ் நூல்கள் இக்கேள்விக்குப் பொதுவானதொரு விடையை வைத்திருக்கின்றன. யாழுக்கும் குழலுக்கும் மரம் தேர்வதற்கு நம் முன்னோர் திட்டமான விதிகளை வகுத்திருந்தனர். இன்று யாழ் வழக்கொழிந்த கருவி. அதற்கு மரம் தேர்ந்த கைகளும் மறைந்துவிட்டன. அக்கைகள் அறிந்திருந்தவற்றுள் ஒரு பகுதி மட்டும் ஏடுகளின் வழியே நம்மை வந்து அடைந்திருக்கிறது. அதனை ஆராய்ந்து பார்ப்பது பயனுடையது.

சங்ககால நூலாகிய பெரும்பாணாற்றுப்படையில் ஓர் இடையன் வருகிறான். அதனைப் பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். பாட்டுடைத் தலைவன் தொண்டைமான் இளந்திரையன். காட்டில் ஆநிரை மேய்க்கும் அவ்விடையன், தீக்கடைகோலால் துளையிட்டுத் தானே ஒரு குழல் செய்து வாசிக்கிறான். அது சலித்தபின், உட்டுளையுள்ள குமிழங்கொம்பு ஒன்றை வளைத்து, மரல் நாரை முறுக்கி நரம்பாகக் கட்டி, வில்யாழ் ஒன்றை ஆக்குகிறான். அதில் அவன் எழுப்பும் குறிஞ்சிப்பண்ணைத் தம் இனத்தின் ஒலியென்று கருதி வண்டுகள் செவிசாய்க்கின்றனவாம். இந்த இடையன் தச்சனும் அல்லன், பாணனும் அல்லன். எனினும் கையெட்டும் தொலைவில் நின்ற மரங்களுள் குமிழைத் தேர்ந்தெடுக்க அவனுக்குத் தெரிந்திருந்தது.

அரசவைக்குரிய யாழோ மிகவும் நுட்பமானது. சிலப்பதிகாரத்துக்கு உரைகண்ட அடியார்க்கு நல்லார், பேரியாழுக்கு 21 நரம்புகளும், மகரயாழுக்கு 19 நரம்புகளும், சகோடயாழுக்கு 14 நரம்புகளும், செங்கோட்டியாழுக்கு 7 நரம்புகளும் உரியன என்று காட்டுவார். யாழின் உறுப்புக்கள் பல. அவற்றுள் மரத்தோடு பெரிதும் தொடர்புடையவை இரண்டு. ஒன்று பத்தர், அது தோணிபோலக் குடையப்பட்டு, வாய் தோலாற் போர்த்தப்பட்டு, ஒலியைப் பெருக்குவது. மற்றையது கோடு, அது பத்தரிலிருந்து வளைந்தெழுந்து நரம்புகளைத் தாங்குவது. இருபதுக்கு மேற்பட்ட நரம்புகள் ஒருங்கே இழுக்கும் விசை முழுவதையும் கோடு பொறுக்கவேண்டும். அது சிறிதளவு வளைந்து கொடுத்தாலும் சுருதி கெடும்.

யாழுக்குச் சிறந்த மரங்களெனப் பழைய உரைகள் ஐந்தினைக் குறிக்கின்றன. அவை கொன்றை, கருங்காலி, முருக்கு, குமிழ், தணக்கு என்பன. இப்பட்டியலை மேலோட்டமாகப் பார்ப்போர்க்கு இவை ஒன்றோடொன்று ஒவ்வாதனவாகத் தோன்றும். கொன்றையும் கருங்காலியும் கோடரிக்கு எளிதில் இணங்காத வன்மரங்கள். முருக்கோ கையில் எடுத்தால் வியப்புத் தருமளவுக்கு இலேசானது. தணக்கும் அத்தகையதே, அதன் இலேசினால் கட்டுமரம் கட்டுவதற்கு உதவியது. குமிழ் இவ்விரு சாராருக்கும் இடைப்பட்டு, மென்மையோடு உறுதியும் உடையது. யாழின் அமைப்பை நினைவிற்கொண்டால் இப்பட்டியலின் கருத்துத் தெளிவாகும். நரம்பின் விசையைத் தாங்கும் கோட்டுக்கு வலிமை வேண்டும். நரம்பின் அதிர்வைத் தோலோடு சேர்ந்து ஏற்று ஒலிக்கும் பத்தருக்கு மென்மையும் இலேசும் வேண்டும். ஒரே கருவிக்குள் இருவேறு தொழில்கள் உள்ளமையால் இருவேறு வகை மரங்கள் விதிக்கப்பட்டன எனக் கொள்வது பொருத்தமாகும்.

மரத்தின் இனத்தை அறிதல் தேர்வின் முதற்படி மட்டுமே. அதே இனத்து மரம் இரண்டில் ஒன்று பாடும், மற்றையது ஊமையாயிருக்கும். இவ்வேறுபாட்டை விளக்குமிடத்திலேதான் அடியார்க்கு நல்லாரின் உரை பெரிதும் வியக்கத்தக்கது. மாதவியின் அரங்கேற்றத்துக்கு வந்த குழலாசிரியனைப் பற்றிக் கூறுமிடத்தில், குழல் செய்தற்குரிய பொருள்களை அவர் ஆராய்கிறார். மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி ஆகிய ஐந்தையும் எண்ணி, இவற்றுள் மூங்கிலையே உத்தமமாக வைக்கிறார். பின்னர், தம் காலத்தில் மரக்குழல்கள் பெருகியிருந்தமையால், அம்மரத்தைக் கொள்ளும் முறையினை விரிக்கிறார்.

மரம் நிற்கும் நிலம் சமனானதாயிருத்தல் வேண்டும். நாற்றிசைக் காற்றும் மாறிமாறி மோதி அலைத்த மரத்தில் நாதம் இல்லை. ஆதலின் அது விலக்கத்தக்கது. மரம் இளையதாயிருத்தல் ஆகாது. மிக முதிர்ந்ததாயிருத்தலும் ஆகாது. ஒரு மனிதனின் ஆயுளளவு வளர்ந்த மரமே தக்கது. அதனை வெட்டியவுடன் கருவி செய்யத் தொடங்கலாகாது. நிழலில் ஆறவிடவேண்டும். அவ்வாறு கிடக்கும்போது அது முறுக்கிக்கொள்கிறதா, வெடிக்கிறதா, பிளக்கிறதா என்று பார்க்கவேண்டும். இக்குறைகள் இல்லையெனத் தெளிந்து, ஓராண்டு கழிந்த பின்னரே உளியை எடுக்கவேண்டும். இவ்விதிகளில் மந்திரமும் இல்லை, மறைபொருளும் இல்லை. எல்லாம் கண்ணாலும் கையாலும் சோதித்தறிந்த அனுபவம்.

மரத்தின் குற்றங்களை அறிந்தவனே இசையிலும் வல்லவன் என்பதைத் திருத்தக்கதேவர் ஒரு கதை நிகழ்ச்சியாகவே அமைத்திருக்கிறார். சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையை வீணையில் வெல்பவனே அவளை மணப்பான் என்ற போட்டி இராசமாபுரத்தில் நடைபெறுகிறது. சீவகனிடம் கருவிகள் ஒவ்வொன்றாகக் கொடுக்கப்படுகின்றன. அவன் வாசிக்குமுன் மரத்தை நோக்குகிறான். ஒன்று நீரில் நின்று இளகியது என்கிறான். இன்னொன்று நீரில் வந்த மரம் என்கிறான். வேறொன்று வாளால் வெட்டுண்டது, பிறிதொன்று இடிவிழுந்தது. எல்லாவற்றையும் ஒதுக்குகிறான். நரம்பையும் முறுக்கவிழ்த்து, உள்ளே மறைந்து கிடந்த மயிரை எடுத்துக் காட்டுகிறான். தீயில் வெந்ததும் நோயுற்றதுமாகிய மரங்களையும் உரையாசிரியர் குற்றமுடையவற்றுட் சேர்ப்பர். பாடுவதற்கு முன்னரே சீவகனது வெற்றி அவையோர்க்குப் புலனாகிவிடுகிறது.

இவ்விதிகள் தமிழர்க்கு மட்டும் உரிய கற்பனைகளா என்று ஐயுறுவோர், கடல்கடந்த நாடுகளின் கருவித் தொழிலை நோக்குதல் நலம். மேலைநாட்டு வயலினுக்கும் கிற்றாருக்கும் முகப்புப் பலகையே உயிர். யாழில் தோல் செய்யும் தொழிலை அவற்றில் அப்பலகை செய்கிறது. அதற்கு ஐரோப்பியர் நெடுங்காலமாகத் தேர்ந்துவருவது ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரம். குளிர்மலைகளில் வளரும் இம்மரம் ஒரு கன மீற்றருக்கு ஏறத்தாழ 400 முதல் 450 கிலோகிராம் நிறையே உடையது. ஆயினும் இழையோட்டத்தின் நெடுக்கில் மிகுந்த விறைப்புடையது. காற்றில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். ஸ்புரூஸ் இழையின் நெடுக்கிலோ 5000 மீற்றருக்கு மேலும் விரைந்து செல்லும். இலேசும் விறைப்பும் ஒருங்கே அமைந்த மரம் அரிது என்பதனாலேயே இதற்கு இத்தனை மதிப்பு.

இத்தாலியில் கிரெமோனா நகரத்து அந்தோனியோ ஸ்திராதிவாரி 1737ஆம் ஆண்டில் மறைந்தார். வயலினால் உலகப் புகழ்பெற்ற அவர் கிற்றார்களும் செய்தார். 1679ஆம் ஆண்டில் அவர் செய்த கிற்றார் ஒன்று இன்றும் வாசிக்கத்தக்க நிலையில் உள்ளது. அல்ப்ஸ் மலைத்தொடரின் தென்பாகத்தில், பனெவெச்சியோ என்னும் காட்டு மரங்கள் அந்நாட்டு வயலின் தொழிலோடு சேர்த்துப் பேசப்படுவன. அங்கே குளிரினால் மரங்கள் மெதுவாக வளர, ஆண்டு வளையங்கள் நெருக்கமாகவும் சீராகவும் அமைகின்றன. கருவி செய்வோர் அம்மரத்தை வாளால் அறுப்பதினும், ஆப்பு வைத்துப் பிளப்பதையே விரும்புவர். பிளவு இழையின் போக்கிலேயே செல்லுமாதலால், மரம் உள்ளே முறுகியிருக்குமாயின் அப்போதே தெரிந்துவிடும். பிளந்த துண்டுகளை ஆண்டுக்கணக்கில் உலரவைத்து, விரலாற் தட்டி அதன் ஓசையைக் கேட்டே பலகையாக்குவர்.

காற்று மோதிய மரத்தில் நாதம் இல்லை என்ற அடியார்க்கு நல்லாரின் கூற்றுக்கும் இன்றைய தாவரவியல் விளக்கம் தருகிறது. காற்றினால் ஒருபுறம் சாய்க்கப்படும் மரம் தன்னை நிமிர்த்திக்கொள்வதற்காக ஒருபக்கத்தில் மாறுபட்ட இழையை வளர்க்கிறது. ஊசியிலை மரங்களில் சாய்வின் கீழ்ப்புறத்திலும், அகன்ற இலை மரங்களிற் பெரும்பாலும் மேற்புறத்திலும் அது அமையும். அத்தகைய மரம் உலரும்போது ஒரு பக்கம் மிகுதியாகச் சுருங்கி முறுகும்; அதிர்வும் சீராகச் செல்லாது. உரையாசிரியர் காரணத்தை இவ்வாறு அறிந்திருக்கவில்லை. ஆனால் விளைவை அவர்தம் காலத்துக் கைவினைஞர் செம்மையாக அறிந்திருந்தனர்.

முகப்புப் பலகையின் முதன்மையை நிறுவ விரும்பிய ஸ்பானிய நாட்டுக் கிற்றார்ச் சிற்பி அந்தோனியோ தெ தொரெஸ், 1862ஆம் ஆண்டில் விந்தையான ஒரு சோதனை செய்தார். கிற்றாரின் முதுகையும் பக்கங்களையும் காகிதக்கூழ் அட்டையினாற் செய்து, முகப்புக்கு மட்டும் தேர்ந்த ஸ்புரூஸ் பலகையை வைத்தார். அக்கருவியும் நன்கு ஒலித்தது. கருவியின் எவ்வுறுப்பு எத்தொழிலைச் செய்கிறது என்பதை அறிந்து அதற்கேற்ற பொருளை இடவேண்டும் என்னும் உண்மையை அவர் கண்முன் காட்டினார். கோட்டுக்குக் கருங்காலியும் பத்தருக்கு முருக்கும் பொருந்துவது இவ்வுண்மையின்படியே ஆகும்.

தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் இவ்வறிவு முற்றாக மறைந்துவிடவில்லை. யாழ் போன பின்னரும் பிற கருவிகளில் அது தொடர்ந்தது. தஞ்சாவூர் வீணைக்குப் பலா மரமே உரியது. மிருதங்கமும் தவிலும் பலாவிலேயே கடையப்படுகின்றன. இணுவில் தந்த தவில் மேதை யாழ்ப்பாணம் வி. தட்சிணாமூர்த்தி (1933–1975) தமிழகத்து மேடைகளிலும் புகழ்பெற்றபோது, அவர் கைவிரல்களின் கீழ் முழங்கியது அந்தப் பலாவின் நெஞ்சே. நாதஸ்வரத்துக்கு வேண்டுவது ஆச்சா மரம். நரசிங்கம்பேட்டைக் கைவினைஞர் பழைய வீடுகளிலிருந்து கழற்றிய ஆச்சா விட்டங்களைத் தேடி வாங்குவர். பல்லாண்டு கூரையைத் தாங்கி உலர்ந்து நிலைபெற்ற மரம் இனி முறுகாது, வெடிக்காது என்பது அவர்கள் கண்ட உண்மை. ஓராண்டு நிழலில் ஆறவிடச் சொன்ன பழைய விதி அங்கே தலைமுறைக் கணக்காக நீண்டு நிற்கிறது.

யாழ் மட்டும் ஏன் மறைந்தது? ஒவ்வொரு சுரத்துக்கும் ஒவ்வொரு நரம்பு வேண்டும் யாழைவிட, ஒரே தந்தியில் மெட்டுக்களின்மேல் விரல் வைத்துப் பல சுரங்களை எழுப்பும் வீணை வசதியானது. கமகங்களுக்கும் அதுவே இசைந்தது. இசைமுறை மாறியபோது கருவியும் மாறியது, அது இயல்பே. ஆயின் கருவி மறையும்போது அதனோடு ஒரு தொழிலும் மறைகிறது. வீணைக்காரர் பலாவை அறிவார். முருக்கிலும் தணக்கிலும் பத்தர் குடைவதற்கு எந்தப் பருவத்து மரம் நல்லது, எவ்வளவு கனம் விடவேண்டும், தோலை எந்த இறுக்கத்தில் போர்த்தவேண்டும் என்பனவற்றைச் சொல்லித்தர ஒருவரும் எஞ்சவில்லை. இந்த இழப்பே பெரியது.

எஞ்சியது ஏட்டில் இருந்ததே. அதனை அச்சுக்குக் கொணர்ந்தவர்களை நன்றியோடு நினைத்தல் வேண்டும். டாக்டர் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887ஆம் ஆண்டிலும், பத்துப்பாட்டை 1889ஆம் ஆண்டிலும், சிலப்பதிகாரத்தை அடியார்க்கு நல்லார் உரையுடன் 1892ஆம் ஆண்டிலும் வெளியிட்டார். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அதே 1887ஆம் ஆண்டில் கலித்தொகையைப் பதிப்பித்தார். கறையானுக்கும் அனலுக்கும் தப்பிய சில ஓலைகளை இவர்கள் தேடிக் காவாதிருந்தால், குழலுக்கு மரம் கொள்ளும் முறையை இன்று யாரும் அறியார்.

சிலப்பதிகாரம் அச்சேறிய அதே 1892ஆம் ஆண்டில், கிழக்கிலங்கைக் காரைதீவில் ஒரு குழந்தை பிறந்தது. அக்குழந்தையே பின்னாளில் சுவாமி விபுலாநந்தர் ஆயிற்று. விஞ்ஞானப் பட்டதாரியாகிய அவர், யாழ்ப்பாணத்தில் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராகவும், பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும் விளங்கினார். சிலப்பதிகார உரையிலுள்ள யாழ்ச் செய்திகளைக் கணித முறையால் ஆராய்ந்து, மறைந்த யாழ்களின் வடிவையும் நரம்பமைதியையும் மீட்டெடுக்க அவர் பல்லாண்டு உழைத்தார். அவ்வுழைப்பின் பயனாகிய யாழ்நூலைக் கரந்தைத் தமிழ்ச் சங்கம் 1947ஆம் ஆண்டு யூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேற்றியது. அவர் ஆராய்ந்து கண்டவாறு செய்யப்பட்ட கருவிகளும் அவ்விழாவில் இடம்பெற்றன. அடுத்த மாதமே, யூலை 19ஆம் திகதி, அடிகளார் மறைந்தார்.

அண்மைக் காலத்தில் சென்னையில் கைவினைஞர் சிலர் மீண்டும் யாழ் செய்யத் தொடங்கியிருக்கின்றனர். யாழ்ப்பாணத்தில், இராமநாதன் நுண்கலைக் கழகத்தின் வழியே பல்கலைக்கழகத்தில் இசைக்கல்வி வளர்ந்து வந்துள்ளது. யாழின் வடிவத்தை நூலிலிருந்து வரைந்துகொள்ளலாம்; நரம்பின் அளவைக் கணக்கிட்டறியலாம். மரத்தை மட்டும் கணக்கினால் வருவிக்க முடியாது. இன்று நட்ட குமிழ் ஒரு மனித ஆயுள் நின்று வளரவேண்டும். வெட்டியபின் நிழலில் காத்திருக்கவேண்டும். 2018ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் இத்தாலியின் வடபகுதியில் வீசிய பெரும்புயல் பனெவெச்சியோக் காட்டிலும் மரங்களைச் சாய்த்தது. அவற்றின் இடத்தை நிரப்பும் கன்றுகள் வயலின் பலகையாவதைக் காண்போர் இனிமேற் பிறப்பவரே. இசைக்கு மரம் நடுதல் பேரப்பிள்ளைகளுக்காகச் செய்யும் செயல்.

யாழ்ப்பாணத்தின் தனி அடையாளம் பனை. நாருரம் பாய்ந்த அதன் வயிரம் வளைக்கும் வரிச்சுக்கும் உதவும். யாழின் பத்தராகக் குடைவதற்கு உதவாது. யுத்த காலத்தில் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்குமாக எண்ணற்ற பனைகள் வெட்டுண்டன. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, ஏறத்தாழ 97,000 நூல்களோடு பனையோலைச் சுவடிகளும் சாம்பலாயின. எத்தனை தொழில்களின் விதிகள் அச்சேறாமலே அந்நெருப்பில் அழிந்தன என்று கூறவல்லார் இலர்.

ஆயினும் நாட்டின் பெயருக்குரிய கருவியைப் பனை முற்றிலும் கைவிட்டதில்லை. கொன்றையும் கருங்காலியும் யாழின் கோடாயின. முருக்கும் குமிழும் தணக்கும் பத்தராயின. அக்கருவிகள் யாவும் உளுத்து மறைந்தன. அவற்றுக்கு மரம் தேர்ந்த முறையைத் தன் ஓலையில் எழுதவிட்டுக் காத்துத் தந்தது பனையே. ஏட்டிலிருந்து நூலுக்கு வந்த அவ்வறிவு, நூலிலிருந்து மீண்டும் கைக்கு வருதல் வேண்டும். குமிழங்கொம்பை வளைத்து நாரைக் கட்டிய இடையனிடம் அது கையில் இருந்தது. பள்ளித் தோட்டத்தின் ஓரத்திலும் கோயில் வீதியிலும் குமிழும் கொன்றையும் நட்டு வளர்ப்போர், அதனை மீட்கும் பணியின் முதற்படியைச் செய்தவராவர்.